கம்பும் ரீலும் நரம்பும்: நெய்யாற்றங்கரைக் குறிப்புகள்

சங்கத்து இதழில் தூண்டிலைப் பற்றி ஒரு கட்டுரையா என்று புருவத்தை உயர்த்தும் அன்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நான்கைந்து ஆண்டுகளாக என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி பென்ஷனைப் பற்றியதும் அல்ல, பிள்ளைகளின் கல்லூரி அட்மிஷனைப் பற்றியதும் அல்ல. "அண்ணாச்சி, பையன் ரீல் வைத்த தூண்டில் கேட்கிறான். எது வாங்கிக் கொடுக்கலாம்?" என்பதுதான். கூட்டம் முடிந்து காப்பி குடிக்கிற இடத்தில் கேட்கிறார்கள், கல்யாணப் பந்தியில் கேட்கிறார்கள், ஒருமுறை துஷ்டி வீட்டில்கூடக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பாறசாலையில் குடியிருப்பவன். ஓய்வு பெற்ற பிறகு வாரம் இரண்டு நாளாவது ஏதாவது ஒரு நீர்க்கரையில் நிற்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று தேசிய நெடுஞ்சாலையில் வரிசையாக வரும் ஊர்களை நம் வாசகர்கள் அறிவார்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து இங்கே வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி. என் பேரன் வயதுப் பிள்ளைகளுக்குத் தூண்டில் என்ற சொல்லே வாயில் வருவதில்லை, "சூண்ட" என்கிறார்கள். மீனுக்கு இரண்டும் ஒன்றுதான். இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் என்னோடு வந்தால் தூண்டில் என்று சொன்னால்தான் புழு கொடுப்பேன்!

இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஒரு மச்சானோ சித்தப்பாவோ இருப்பார்கள். லீவில் வரும்போது பிள்ளை ஆசைப்பட்டானே என்று ஒரு கம்பும் ரீலும் வாங்கி வருவார்கள். பெட்டியைப் பிரித்தால் பன்னிரண்டு அடி நீளம், இளநீர் பருமனுக்கு ரீல், நூறு கிராம் ஈயத்தை அலைக்கு அப்பால் எறிவதற்கென்று செய்தது. அது கடற்கரைக் கம்பு. பொழியூரிலோ பூவாறிலோ கடலைப் பார்த்து நின்றால் அதற்கு வேலை உண்டு. செங்கல் பக்கத்துக் குளத்தில் அதைக் கொண்டு கெண்டை பிடிப்பது, கடப்பாரையால் ஊசி கோப்பது மாதிரி. விலை உயர்ந்தது, பெயர் பெற்றது, ஆனால் பையன் இரண்டு நாள் தூக்கிப் பார்த்துவிட்டுக் கை வலிக்கிறது என்று பரணில் போட்டுவிடுவான். பிறகு மறுபடியும் கைப்பேசிதான். எந்த நீரில், எந்த மீனுக்கு, யார் கையில் என்ற மூன்றையும் தீர்மானித்துக்கொண்டு அதற்கு அப்புறம்தான் கடைக்குப் போக வேண்டும்.

நாடாவுக்குள் இருந்த யோசனை

நம் அப்பாமார் மூங்கில் கம்பின் நுனியில் தங்கூஸ் நரம்பைக் கட்டி, மயிலிறகுத் தண்டையோ தக்கையையோ மிதப்பாக வைத்து மீன் பிடித்தார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. இன்றும் கரையோரத்து திலேப்பியாவுக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆனால் கம்பின் நீளமும் நரம்பின் நீளமும் எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் இரை போகும். குளத்து நடுவில் தாமரை இலைக்கு அருகே வரால் மூச்சுவிட மேலே வந்து போவதை வேடிக்கைதான் பார்க்கலாம். 'ஸ்பின்னிங்' என்று சொல்லப்படும் முறை வந்தது இந்தத் தூரத்தைக் கடப்பதற்காகத்தான்.

இதன் பிறப்பு நம் பக்கத்து மக்களுக்குக் கொஞ்சம் சொந்தமான கதை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். முன்பெல்லாம் ரீல் என்றால் ராட்டினம் போலச் சுழலும் சக்கரம். இரையை எறிந்தால் அதன் இழுப்பில் சக்கரம் சுழன்று நரம்பு விட வேண்டும். கனமான இரை என்றால் சுழலும். பத்து கிராம் இரை என்றால் சுழற்ற வலு இருக்காது. சுழன்றுவிட்டாலோ, இரை தண்ணீரில் விழுந்த பிறகும் சக்கரம் நிற்காமல் ஓடி நரம்பைக் குருவிக்கூடு ஆக்கிவிடும். இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலைக்காரர் ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர் 1905-ல் இதற்கு ஒரு மாற்றுக்குக் காப்புரிமை பெற்றார். நூற்பு ஆலையில் நூல், உருளையின் நுனி வழியாக உருவிக்கொண்டு வருவதைத் தினமும் பார்த்தவர் அவர். உருளை ஏன் சுழல வேண்டும், அது அசையாமல் நிற்கட்டும், நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி உருவிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தார். இன்றைய ஸ்பின்னிங் ரீல் அத்தனைக்கும் அதுதான் அடிப்படை.

பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் எனக்கு வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. பாலராமவர்மா மகாராஜா (1798–1810) காலத்தில் நெசவுக்கென்று தெற்கிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள். அந்த வீட்டுப் பெரியவரிடம் என் ரீலைக் கொடுத்து, இது எப்படி வேலை செய்கிறது தெரியுமா என்று கேட்டேன். கம்பி வளையத்தைத் திறந்து நரம்பை இரண்டு முழம் உருவிப் பார்த்தார். "இது நம்ம நாடாவுக்குள்ளே கிடக்கிற தார்தானே அண்ணாச்சி! தார் சுத்தாது, நூல் நுனி வழியா ஓடும்" என்றார். எந்த மீன்பிடி புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை. தொடர்ந்து அவரே, "அப்போ முறுக்கு ஏறுமே?" என்றும் கேட்டார். அங்கேதான் இருக்கிறது விஷயம்.

நரம்பு சுருண்டு சுருண்டு முடிச்சாகிவிடுகிறது, ரீல் மட்டம் என்று என்னிடம் கொண்டுவரும் பத்துப் பேரில் எட்டுப் பேருடைய ரீலில் ஒரு குறையும் இருக்காது. முறுக்குதான் காரணம். எறியும்போது நரம்பு விளிம்பைத் தாண்டிப் போவதில் ஏறும் முறுக்கு, திரும்பச் சுற்றும்போது எதிர்ப்பக்கமாக ஏறிச் சரியாகிவிடுகிறது. ஆனால் மூன்று சமயங்களில் முறுக்கு தங்கிவிடும். முதலாவது, புது நரம்பை ரீலில் ஏற்றும்போது. நரம்பு வந்த உருளையைத் தரையில் படுக்கையாக, லேபிள் மேலே தெரிய வையுங்கள். நரம்பை விரலிடுக்கில் சற்று இறுக்கிப் பிடித்து இருபது சுற்று ஏற்றுங்கள். பிறகு தளர்த்திப் பாருங்கள். நரம்பு சுருண்டு துள்ளினால் உருளையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுத் தொடருங்கள்; துள்ளல் அடங்கிவிடும். பென்சிலில் கோத்து உருட்டி ஏற்றுகிறவர்களும் உண்டு. எனக்கு இந்த முறைதான் பழக்கம்.

இரண்டாவது, மீன் இழுத்து நரம்பு வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றுவது. ரீலின் மேல் 5.2:1 என்று எழுதியிருந்தால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு வளையம் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றுகிறது என்று பொருள். மீன் இழுக்கையில் பத்துமுறை கைப்பிடியைச் சுற்றினால் ஒரு அங்குலமும் உள்ளே வராது, ஐம்பது முறுக்கு மட்டும் ஏறும். மீன் இழுக்கும்போது கை சும்மா இருக்க வேண்டும். அது நிற்கும்போது கம்பை மெல்ல உயர்த்தி, தாழ்த்துகையில் சுற்ற வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது இதைத்தான். மூன்றாவது, சுழலும் இரையைச் சுவிவல் இல்லாமல் கட்டுவது. சுவிவல் ஒன்று பத்து ரூபாய்கூட இராது.

ஏறிவிட்ட முறுக்கை எடுக்க, தூண்டிலையும் இரையையும் கழற்றிவிட்டு, வெறும் நரம்பை ஓடும் ஆற்றில் நாற்பது ஐம்பது மீட்டர் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சுற்றுங்கள். ஆறு இல்லையென்றால் அறுவடையான ஏலாவின் வரப்பில் இழுத்துக்கொண்டு நடந்தாலும் போதும்.

ரீல்

ரீல்களுக்கு 1000, 2500, 4000 என்று எண் போட்டிருப்பார்கள். எண் கூடக்கூட உடலும் உருளையும் பெரிது என்பதைத் தவிர அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். நம் குளம், ஆறுகளுக்கு 2500 அளவு போதும். சிறு பிள்ளை என்றால் 1000 அல்லது 2000. வரால், கொடுவா என்று வலுவான மீனைக் குறிவைப்பவர்களுக்கு 3000 அல்லது 4000.

உள்ளே இத்தனை பேரிங் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நல்ல நான்கு, மட்டமான பத்தைவிட மேல். கடையில் நின்று செய்ய வேண்டியது வேறு. கைப்பிடியை மெல்லச் சுற்றுங்கள். எங்காவது கல் கடிப்பது போல இருந்தால் வேண்டாம். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் அதிகம் கூடாது. கம்பி வளையத்தைத் திறந்து மூடுங்கள். 'டக்' என்று விழ வேண்டும். கடைசியாக முன்பக்கத் திருகைப் பாதி இறுக்கிவிட்டு நரம்பைக் கையால் இழுங்கள். இதற்கு 'டிராக்' என்று பெயர். குறிப்பிட்ட இழுப்புக்கு மேல் போனால் உருளை தானாகவே வழுக்கி நரம்பை விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு. அது பட்டுப்போல நழுவ வேண்டும். விக்கி விக்கி நழுவினால் பெரிய மீன் முதல் துள்ளலிலேயே நரம்பை அறுத்துவிடும். என்னைக் கேட்டால், ரீலுக்குக் கொடுக்கும் காசில் பாதி டிராக்குக்குத்தான்.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது? நரம்பின் வலுவில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை. 10 பவுண்டு நரம்பு ஏறத்தாழ 4½ கிலோ தாங்கும் என்றால், ஒன்றரைக் கிலோ இழுப்புக்கு நழுவத் தொடங்க வேண்டும். வீட்டில் காய்கறி நிறுக்கும் கொக்கித் தராசு இருந்தால் நரம்பை அதில் மாட்டி இழுத்துப் பார்த்துவிடலாம்.

பெயர் பெற்ற ஜப்பானியக் கம்பெனிகள் இரண்டு மூன்று உண்டு. அவற்றில் சிமானோவை நம் பிள்ளைகள் சைக்கிள் கியரில் பார்த்திருப்பார்கள். 1921-ல் சக்காய் நகரத்தில் சைக்கிள் உதிரிபாகத்துக்காகத் தொடங்கிய கம்பெனிதான் அது. இவர்களுடைய மிகக் குறைந்த விலை ரீலே தொடக்கக்காரருக்குத் தாராளம். கம்பும் ரீலும் சேர்த்து இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். பையனுக்கு ஆர்வம் ஆறு மாதம் நின்றால் பிறகு நல்லதாக வாங்கிக்கொள்ளலாம்.

கம்பு

கைப்பிடிக்கு மேலே கம்பின் மீதே ஜாதகம் எழுதியிருக்கும்: நீளம், வலு, எத்தனை கிராம் இரை எறியலாம், எத்தனை பவுண்டு நரம்பு. இதைப் படிக்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். முதல் கம்புக்கு ஆறரை முதல் ஏழு அடி, 'மீடியம்' வலு, 7 முதல் 20 கிராம் வரை இரை எறியக்கூடியது என்று கேளுங்கள். தென்னையும் வாழையும் தலைக்கு மேல் கவிந்த நம் குளக்கரைகளில் இதைவிட நீளமானது மட்டையில் மாட்டிக்கொள்ளும்.

வலு ஒன்று, வளைவு இன்னொன்று. நுனி மட்டும் வளைவதை 'ஃபாஸ்ட்' என்கிறார்கள். பாதிக் கம்பு வரை வளைவதை 'மாடரேட்' என்கிறார்கள். செயற்கை இரையை ஆட்டி விளையாட்டுக் காட்ட ஃபாஸ்ட் நல்லது. மண்புழுவோ மாவுருண்டையோ கோத்துப் போடுகிறவர்களுக்கு மாடரேட்தான். வெடுக்கென்று எறியும்போது உருண்டை உதிராது, மீனின் இழுப்பையும் கம்பே தாங்கும்.

கார்பன் கம்பு இலேசானது, மீன் தொடுவது உடனே கையில் தெரியும். ஆனால் பைக்கில் கட்டிக்கொண்டு போய்ப் படியில் இடித்தால் ஒருநாள் எறியும்போது 'படார்' என்று போய்விடும். கண்ணாடி நார்க் கம்பு கொஞ்சம் கனம், கொஞ்சம் மந்தம், ஆனால் பிள்ளைகளின் முரட்டுத்தனத்தைத் தாங்கும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு நான் கண்ணாடி நார்தான் சொல்வேன். குடை போல உள்ளுக்குள் மடங்கும் கம்பை எடுத்துச் செல்ல வசதி என்று வாங்குகிறார்கள். மணல் புகுந்தால் அதன் மூட்டுகள் தேயும். இரண்டாகப் பிரிவது நல்லது.

வளையங்களைச் சோதிக்க ஒரு எளிய வழி: கொஞ்சம் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் சுற்றித் தேயுங்கள். எங்காவது பஞ்சு இழை பிடித்துக்கொண்டால் அங்கே கீறல் இருக்கிறது. அது உங்கள் நரம்பை நாளுக்கு நாள் அறுத்துவிடும். பிறகு துப்பாக்கி போலக் கண்ணில் வைத்துப் பாருங்கள், வளையங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

நரம்பு

1938-ல் டியூபாண்ட் கம்பெனி நைலானை உலகுக்கு அறிவித்தபோது அது முதலில் பல் துலக்கும் பிரஷ்ஷின் தும்பாகத்தான் கடைக்கு வந்தது. அதே நைலான் இழைதான் நம் தங்கூஸ் நரம்பு. இன்றும் முதல் ரீலுக்கு அதையே ஏற்றுங்கள். அது இழுபடும் தன்மை உடையது; கற்றுக்குட்டி அவசரப்பட்டு வெட்டி இழுத்தாலும் அறாமல் மன்னித்துவிடும். முடிச்சு நிற்கும். விலையும் குறைவு. 8 அல்லது 10 பவுண்டு போதும். 10 பவுண்டு என்றால் ஏறத்தாழ 0.28 மி.மீ. பருமன். பயந்துபோய் 25 பவுண்டு ஏற்றினால், தடித்த நரம்பு சின்ன உருளையில் ஸ்பிரிங் போல நின்று, எறிந்தால் பத்தடிகூடப் போகாது. வெயில் நைலானுக்கு எமன். ஜன்னலோரம் வைத்த ரீலின் நரம்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும்.

உருளையின் விளிம்புக்கு இரண்டு மி.மீ. கீழே நிற்கும்படி ஏற்றுங்கள். குறைந்தால் தூரம் போகாது. வழிந்தால் கொத்தாக அவிழ்ந்து விழும்.

பின்னல் நரம்பு என்று ஒன்று வருகிறது. நுண்ணிய பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னியது. ஒரே பருமனில் நைலானைவிடப் பல மடங்கு வலு, இழுபடாது, தண்ணீரில் மிதக்கும். தாமரைக் கொடியும் பாசியும் மண்டிய குளத்தில் வரால் பிடிக்க இதுதான் சரி. 30, 40 பவுண்டு பின்னல், ஏழடி 'ஹெவி' கம்பு, ரப்பர் தவளை. ரப்பர் தவளையின் இரட்டைக் கொக்கி முதுகோடு ஒட்டியிருப்பதால் இலையில் மாட்டாமல் மேலே வழுக்கி வரும். ஆனால் பின்னல் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கவே கூடாது, விரலை வெட்டிவிடும். வழவழப்பான உருளையில் அது பிடிமானமில்லாமல் மொத்தமாகச் சுழலும் என்பதால் அடியில் சில மீட்டர் நைலானை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஃப்ளூரோகார்பன் என்பது 1971-ல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் கொண்டுவந்தது. தண்ணீருக்குள் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது, மூழ்கும், உரசலைத் தாங்கும். ரீல் முழுவதும் ஏற்றுவது வீண் செலவு. பூவாறு கழிமுகத்தில் கொடுவாவுக்கோ, தெளிந்த நீரில் கரிமீனுக்கோ கடைசி இரண்டு மூன்று அடி மட்டும் கட்டிக்கொள்ளலாம்.

எந்த நரம்பானாலும் முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் சூட்டில் நைலான் கருகி அங்கேதான் அறும். வெட்டிய துண்டு நரம்பைக் கரையில் போடாதீர்கள்; கொக்கின் காலில் சுற்றிக் கிடந்ததை நான் அவிழ்த்திருக்கிறேன்.

சிவப்புக் குஞ்சுகள்

வரால் பிடிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. மழைக்காலத்தில் குளத்தின் மேல்பரப்பில் செந்நிறமாகப் பந்து போல ஒரு குஞ்சுக் கூட்டம் கொதித்துக்கொண்டு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நேர் கீழே தாயும் தந்தையும் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையை எறிந்தால் பெற்ற மீன் பசியினால் அல்ல, கோபத்தினால் கடிக்கும். இதைவிடச் சுலபமாக வரால் பிடிக்க வழியே இல்லை. இளைஞர்கள் அப்படிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். தாயைத் தூக்கியதும் மற்ற மீன்கள் புகுந்து அந்தக் குஞ்சுகளைத் தின்றுவிடும். ஒரு மீனுக்காக ஒரு குளத்து மீன் போகிறது. என்னோடு வருகிறவர்களுக்குச் சிவப்புக் குஞ்சைக் கண்டால் கம்பைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பது சட்டம்.

'ஊத்த' பிடிப்பதும் இப்படித்தான். இடவப்பாதி முதல் மழையில் முட்டை நிறைந்த மீன்கள் ஆற்றிலிருந்து தோட்டுக்கும் வயலுக்கும் ஏறிவரும். அதை வழிமறித்துக் கூடை கூடையாக அள்ளுவது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். இன்று அது குற்றம். வெடி, விஷம், மின்சாரம் வைத்துப் பிடிப்பதையும் 2010-ஆம் ஆண்டின் கேரள உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது.

எங்கே போகலாம்?

அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடல் சேரும் நெய்யாற்றின் நீளம் 56 கிலோமீட்டர். அணையின் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம்; நீர்த்தேக்கத்தில் முதலையும் உண்டு. அருவிப்புறம் போன்ற தலங்களின் படித்துறையிலும், கோயில் குளங்களிலும் நம்மை நாமே தடுத்துக்கொள்ள வேண்டும். மற்றபடி அணைக்குக் கீழே, குளிக்கிறவர்கள் இல்லாத வளைவுகளில், காலை வெயில் ஏறும் முன் நல்ல வேட்டை உண்டு. பூவாறை நெருங்க நெருங்கத் தண்ணீர் உப்புக் கலக்கும், மீனும் மாறும்.

நெய்யாற்று இடதுகரைக் கால்வாயைச் சின்ன வயதில் பார்த்தவர்கள் அங்கேயும் போகலாமே என்பார்கள். விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாய் அது. 2004-ல் தமிழ்நாட்டுக்கு விடும் தண்ணீர் நின்றுபோனது. தமிழ்நாடு 2012-ல் உச்சநீதிமன்றம் போனது. தண்ணீர் வருகிறதா இல்லையா என்ற வாதம் வக்கீல்களுக்கு. வரப்பில் நிற்கிறவனுக்குப் பதில் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பஞ்சாயத்துக் குளங்கள் பலவற்றில் கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள், குத்தகைக்கும் விடுகிறார்கள். யாருடைய குளம் என்று கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு போடுங்கள். "சாரே, இவிடெ சூண்ட இடாமோ?" என்று ஒரு வார்த்தை கேட்டால் யாரும் கோபிப்பதில்லை, கேட்காமல் போட்டால்தான் தகராறு, அதிலும் நாம் தமிழில் பதில் சொன்னால் தகராறு இரட்டிப்பு!

பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் கைவிடப்பட்ட பாறைக் குவாரிக் குழிகளுக்கு அனுப்பாதீர்கள். தண்ணீர் பச்சையாக, அமைதியாக, அழகாக இருக்கும். கரை என்பதே கிடையாது. முதல் அடியே பத்தாள் ஆழம், ஏறிவரப் பிடி இருக்காது. ஆற்றிலும் மணல் வாரிய இடங்களில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடி கயமாக இருக்கும். மீன் பிடிக்கப் போகும் பிள்ளைக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், கூட ஒரு பெரியவர் வேண்டும்.

இன்னொன்றைக் கடைக்காரர்கள் சொல்வதே இல்லை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஏழடிக் கம்பை ஒருவர் தூக்கிப் பிடித்தால் நுனி தரையிலிருந்து பதின்மூன்று பதினான்கு அடியில் நிற்கும். நம் ஏலாக்களிலும் தோட்டங்களிலும் தொய்ந்து கிடக்கும் மின்கம்பிகளை நினைத்துப் பாருங்கள். உயரழுத்தக் கம்பி என்றால் தொடவே வேண்டாம், அருகே போனாலே போதும். கண்ணாடி நார்க் கம்பு என்றாலும் நனைந்துவிட்டால் நம்ப முடியாது. குளத்துக்கு நடக்கும்போது கம்பைப் பிரித்துத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். எறியும் முன் தலைக்கு மேலே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். துலாவர்ஷத்தில் மாலை மூன்று மணிக்கு மேல் கிழக்கே மலைப்பக்கம் கறுத்தால், மீன் எவ்வளவு கடித்தாலும் கம்பைச் சுருட்டிவிட்டுக் கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். தென்னையின் கீழ் ஒதுங்குவது அதைவிட ஆபத்து.

ரீலின் பராமரிப்பு பெரிய வித்தை அல்ல. குளத்திலிருந்து வந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பூவாறு போய் வந்தால் டிராக்கை இறுக்கி வைத்துக்கொண்டு நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்து உப்பைப் போக்க வேண்டும். பக்கெட்டில் முக்கினால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும். காய்ந்த பிறகு டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே இருக்கும் வட்டுகள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். வளையம் மடங்கும் இடத்திலும் நரம்பு ஓடும் சிறு உருளையிலும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும்.

கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளைந்துபோகும். ஆணி இரண்டு அடித்துப் படுக்கையாக மாட்டுங்கள், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், கொக்கியைக் கழற்றிவிட்டு.